பவளத்துக்குப் பசிக்கும்

— வாய் விட்டு அழுவாது, சத்தமும் போடாது. அப்புறம் அதுக்குப் பசிக்குதுன்னு ஒனக்கு எப்புடிடா தெரியும்?

— சுருங்கிரும்மா. சாப்பிட்டுச்சுன்னா பலூன் மாதிரி உப்பி, கை கையா விரிச்சுக்கிட்டு நிக்கும். பாரு, காட்டுறேன். செவப்பாத் தெரியுதா?

— தெரியுது. கோழிக்கொண்டைப் பூவத் தலைகீழாத் தொங்கவிட்டாப்ல இருக்கு. ஒம் மூஞ்சியக் காட்டுடா சூர்யா. போன எடுத்ததுலேருந்து தொட்டியையே காட்டுற. நான் என்ன தொட்டிக்கா தாயி?

— இரும்மா. இது பூ இல்ல, பவளம். உசுரு உள்ளது.

— பவளமா? ஒந் தங்கச்சி பிரகதி கல்யாணத்துக்கு மாப்ளைக்கு மோதிரத்துல வச்சோமே, அதுவா?

— அது கல்லு. இது மெத்துன்னு இருக்கும். நிழல்ல, பாறைக்கு அடியில, தண்ணி வேகமா ஓடுற எடத்துல தொங்கணும்.

— வௌவாலுன்னு சொல்லு.

— கிண்டல் பண்ணாதம்மா. மத்த பவளத்துக்கெல்லாம் விளக்கு போட்டாப் போதும். நம்ம பயிரு மாதிரி வெளிச்சத்துலயே வயித்த ரொப்பிக்கும். இதுக்கு அந்த வித்தை தெரியாது. நாமதான் ஊட்டணும்.

— அப்ப அதெல்லாம் வீட்டுல ஒலை வைக்கிற குடும்பம். இது மெஸ்ஸுல டோக்கன் வாங்கித் திங்கிற ஆளு.

— ம், அப்புடித்தான்.

— ஒன்ன மாதிரி. என்னத்த ஊட்டுற?

— கடல்ல தூசி கணக்கா மிதக்குமே, கண்ணுக்கே தெரியாத உசுரு. அதக் காயவச்சு டப்பாவுல விக்கிறாங்க. துளியூண்டு கரைச்சுப் பக்கத்துல விடணும். ஒரேதா நெறையப் போட்டாத் தண்ணி கெட்டுப்போயிரும். போடாம விட்டா பட்டினி. அதான் ரெண்டு மணிக்கொருதரம் கொஞ்சம் கொஞ்சமா.

— ராத்திரியிலயுமா?

— ராத்திரியிலதான் நல்லா விரியும். அலாரம் வச்சு எந்திரிச்சு ஊட்டுவேன்.

— கைப்புள்ளையா இருந்தப்ப நீ ராத்திரி சிணுங்குனா, நான் திரும்பிப் படுத்துக்கிட்டு ஒங்கப்பாவக் காலால ஒதைப்பேன். ஊருல கன்னுக்குட்டிக்கு ஒரு வாளி தண்ணி வைக்கச் சொன்னா கால் வலிக்குதும்ப. சிங்கப்பூரு போயி இப்புடி ஆயிட்டியா? பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டாச் சொல்றேன், மாப்ள புள்ள வளக்கப் பழகிட்டாருன்னு.

— அம்மா.

— சரி, அது சாப்பிடட்டும். ஆவணிக் காதுகுத்துக்கு என்ன சொல்ற? பிரகதி நேத்து ராவும் அழுவுற மாதிரி பேசுனா. சம்மந்தியம்மா தெனம் கேக்குறாங்களாம், தாய்மாமன் வர்றாரா இல்லையான்னு. அவ பாப்பாவ யாரு மடியில வச்சு மொட்டை போடுறதாம்?

— லீவு இல்லம்மா.

— கேட்டியா?

— கேட்டேன். ஆளு கம்மி, இப்ப விடமுடியாதுங்கிறாரு சூப்பர்வைசரு. பெரியப்பா மவன் இருக்காருல்ல, அவரு மடியில உக்காரட்டுமே.

— அவனும் உக்காந்துக்கிறேங்கிறான். அவன் மீசையப் பாத்தாலே பாப்பா நீடாமங்கலம் ஜங்ஷன் வரைக்கும் கேக்குற மாதிரி கத்தும். கூடப் பொறந்த மாமன் ஒருத்தன் இருக்கையில அடுத்த மடி எதுக்குடா?

— லீவே கெடைச்சாலும் இத யாருகிட்டம்மா விட்டுட்டு வர்றது? ரெண்டு நாள் பட்டினி போட்டா சுருண்டுரும். பெரிய பெரிய தொட்டி வச்சிருக்கிறவங்க வீட்டுலயே இது தங்குறதில்ல. கபீர் அண்ணன் ஊருக்குப் போறப்ப என்ன நம்பிக் குடுத்துட்டுப் போனாரு.

— எந்தக் கபீரு? ஒன்கூட ரூம்ல இருந்துச்சே, நாகப்பட்டினத்துப் புள்ள, அதா?

— அவருதான். ஒரேதாக் கெளம்பிட்டாரு. இத ஏரோப்ளேன்ல கொண்டு போவ முடியாது.

— இப்ப ரூம்ல வேற யாரு?

— யாருமில்ல. நான் மட்டும்தான். இரும்மா, ஊட்டுற நேரம் வந்துருச்சு. மோட்டார நிறுத்திட்டு வர்றேன், இல்லன்னா தீனிய அடிச்சுக்கிட்டுப் போயிரும்.

— ஊட்டு. நானும் பாக்குறேன்.

— பாரு, ஒவ்வொண்ணா விரியுது. பொட்டுப் பொட்டா இருக்குல்ல, எல்லாமே வாயி. ஒவ்வொரு வாயச் சுத்தியும் எட்டு வெரலு.

— இத்தன வாயி வச்சிக்கிட்டு ஒரு வார்த்த பேசாம இருக்கு பாரு. ஒங்க அத்தையக் கூப்புட்டுக் காட்டணும்.

— சிரிக்க வைக்காதம்மா, கை ஆடுது.

— இன்னிக்கு என்ன கெழம?

— புதன். ஏன்?

— ஒண்ணுமில்ல. ஒங்கப்பா நாத்தங்காலுக்குப் போயிருக்காரு, கஞ்சி கொண்டு போவணும். இங்க வெயில் ஏறிருச்சு. அங்க மத்தியானம் ஆயிருக்கும்ல?

— ஆயிருச்சு.

— நேத்து இந்நேரம் கூப்புட்டப்பவும் ரூம்ல எதுக்கோ ஊட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்னு வச்சிட்ட. திங்கக்கெழமையும் அப்புடித்தான்.

— இப்ப நைட் ஷிப்ட்டும்மா. பகல்ல ரூம்லதான் இருப்பேன்.

— ராவுல அலாரம் வச்சு எந்திரிக்கிறேன்னியே.

— அது... லீவு நாள்ல.

— அப்ப மத்த நாள்ல ராத்திரி யாரு ஊட்டுறா? கபீரும் இல்ல. முறைத்தண்ணி வர்றப்ப ஒங்கப்பா ராவுல மடையில நின்னாருன்னா பகல்ல நான் போயி நிப்பேன். ஒத்த ஆளா ரெண்டு முறையையும் பாத்தவன நான் பாத்ததில்லடா.

— இரும்மா, மோட்டாரத் திரும்பப் போட்டுட்டு வர்றேன்.

— சூர்யா. லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— மூஞ்சியக் காட்டு.

— ஷேவ் பண்ணலம்மா.

— காட்டு. ம்... தாடி ஒண்ணும் மோசமில்ல. கண்ணுதான் உள்ள போயிருக்கு. அதுக்கு ஊட்டுற, நீ என்ன சாப்பிட்ட?

— சாப்பிடணும். அம்மா, அப்பாகிட்ட சொல்லிராத.

— நீ இன்னும் எங்கிட்டயே ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள அப்பாட்ட சொல்லாதங்குற.

— கம்பெனிய மூடிட்டாங்கம்மா. கபீர் அண்ணனும் அதான் கெளம்புனாரு. நான் வேற எடம் தேடுறேன். கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இங்க இருக்குறதுக்குக் குடுத்த பாஸ் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்.

— தேடு. எத்தன எடத்துல கேட்ட?

— கேக்காத எடமில்ல. எல்லாரும் பாக்கலாங்கிறாங்க. அதுவரைக்கும் இதயாவது சாவவிடாமப் பாத்துக்குவோம்னுதான்...

— சாவாது. நல்ல ஆளு கையில குடுத்துட்டு வா. அங்கயும் இப்புடிப் பைத்தியம் இன்னும் ரெண்டு இருக்கும்ல?

— இருக்காங்க. ஜுராங்ல ஒரு சீனக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அது சரிம்மா, நான் எப்புடி வந்து உக்கார்றது? கம்மல் வாங்கல, பாப்பாவுக்கு ஒரு பட்டுப்பாவாடை கூட வாங்கல. சபையில அத்தன பேரு இருப்பாங்க. மாப்ள வீட்டுல எங்க வேல, என்ன வேலன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்கார்றது?

— அட மடையா, பாப்பா ஒம் மடியிலதான்டா உக்காரப் போவுது. ஒன் வேலையிலயா உக்காரப் போவுது?