பம்பரத்துக்குப் போடாத அசிஸ்டுகள்

டீயில் சர்க்கரை சரியாக இருந்தது, ஐயா. இதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். விசாரணை நடக்கும் இடங்களில் டீ ஒன்று பாகாக இருக்கும், இல்லையென்றால் கஷாயமாக இருக்கும். அளவு தெரிந்த ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். விட்டுவிடாதீர்கள்.

முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். நான் கடைவீதிக்குள் நுழைந்தால் தராசுகள் தாமாகவே ஆடும். காற்று என்பார்கள் கடைக்காரர்கள். காற்று இல்லை, நான்தான். ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம், சமையலறையில் உப்பு ஜாடியை மூன்றாவது முறையாக நான் நிறுத்துக்கொண்டிருந்தபோது, "ஏங்க, வெளியில எங்கயாவது போய் எதையாவது அளங்களேன்" என்றாள் என் மனைவி. அப்படித்தான் உங்கள் கூடைப்பந்து லீகின் குறிப்பு மேசைக்கு வந்து சேர்ந்தேன்.

மேசையில் என் வேலை அசிஸ்ட் குறிப்பது. புள்ளியில் தகராறு கிடையாது. பந்து கூடைக்குள் விழுந்தால் புள்ளி, குருடனுக்கும் சத்தம் கேட்கும். அசிஸ்ட் அப்படி இல்லை. ஒருவன் பந்தைக் கொடுக்கிறான், வாங்கியவன் உடனே கூடையில் போடுகிறான். கொடுத்தவனுக்கு ஒரு அசிஸ்ட். அந்த 'உடனே' எவ்வளவு நேரம் என்று எந்தத் தராசும் சொல்லாது. மேசையில் உட்கார்ந்திருப்பவன் சொல்வதுதான். உலகத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாக இவ்வளவு அதிகாரம் உள்ள நாற்காலி வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலைகளில் நான் முடிதிருத்தும் கடையில் இருப்பேன். முடி வெட்டிக்கொள்ள அல்ல. என் தலையில் இருப்பதற்குக் கத்தரி வேண்டாம், ஊதினால் போதும். ஆட்டத்தைப் பற்றிப் பேசத்தான். என் மனைவியின் தம்பியும் வருவான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவனுக்கு ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியாது. பம்பரம் என்று ஊரே கூப்பிடும் ஆட்டக்காரப் பையன்தான் அவனுக்கு உசத்தி.

"அத்தான், நேத்து பயிற்சி ஆட்டத்துல பம்பரம் பண்ணினதைப் பாத்தீங்களா? ஒத்தைக் கையில, திரும்பிக்கூடப் பாக்காம கொடுத்தான்."

"பாத்தேன். அவன் கால் ரெண்டும் எங்க இருந்துச்சுன்னு நீ பாத்தியா?"

"நான் பந்து எங்க போச்சுன்னு பாத்தேன்."

"அதான் மாப்ளே உன் பிரச்சினை. இடது கையால கூடையில போடத் தெரியாது. ஊனின காலை அசைக்காம திரும்பத் தெரியாது. நெஞ்சுல இருந்து ரெண்டு கையால ஒழுங்கா ஒரு பாஸ் கொடுக்கத் தெரியாது. இவனெல்லாம் சம்பளம் வாங்கற ஆட்டக்காரன்."

முடிதிருத்துபவர் என் பக்கம். "சார் சொல்றது நியாயம். எங்களுக்கெல்லாம் பலூன்ல சோப்பு தடவித்தான் முதல்ல சவரம் பழக்கினாங்க. அடிப்படை வேணும்ல."

"பலூனும் நம்ம அத்தான் மண்டையும் ஒண்ணுதான். உங்களுக்கு ரொம்பச் சுலபமா இருந்திருக்கும்" என்றான் மச்சினன். அதோடு விட்டிருக்கலாம். "அடிப்படை அடிப்படைங்கறீங்களே அத்தான், ஆபீஸ் டீம்ல ஆறு வருஷமும் பெஞ்சுலதானே உக்காந்திருந்தீங்க?"

கடையில் ஏழு பேர் இருந்தார்கள், பதினான்கு பேர் அளவுக்குச் சிரித்தார்கள். முகத்தில் துண்டு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடத் துண்டுக்கு அடியில் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. என் இரண்டு கைப் பாஸில் யாரும் குறை கண்டதில்லை. அதைக் களத்தில் பார்க்கும் வாய்ப்புதான் யாருக்கும் கிடைக்கவில்லை. நடந்த விஷயத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே பந்தயம் கட்டினோம். இந்த சீசனில் பம்பரம்தான் அதிக அசிஸ்ட் கொடுப்பான், இல்லையென்றால் இதே நாற்காலியில் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றான் மச்சினன். அவன் ஜெயித்தால் அடிப்படை என்ற சொல்லை இனி ஆயுளுக்கும் நான் வாயால் சொல்லக்கூடாது. நான் தூணின் பக்கம் நின்றேன். தூண் அதே அணியில் ஆடும் நெட்டையன். பெயருக்கேற்றபடி நின்ற இடத்தில் நிற்பான். பந்து வந்தால் இரண்டு கையால் வாங்கி, ஏதோ பக்கத்து வீட்டுக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோல இரண்டு கையால் கொடுப்பான். எவ்வளவு மரியாதையான ஆட்டம்.

முதல் ஆட்டத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இருமல் வந்தது, அவ்வளவுதான். இருமி முடிப்பதற்குள் பம்பரம் ஒன்று கொடுத்துவிட்டான். பார்க்காததைக் குறிப்பது தப்பு, குறிக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் இருமல் மூன்று தடவை வந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் இருமல் குணமாகிவிட்டது, ஆனால் கை அதற்குள் பழகியிருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு 'உடனே' இருந்தால் அது அநீதி. எனவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பந்தின் மேல் இரண்டு கையும் இருந்தால்தான் அது பாஸ். மற்றது எறிதல். எறிதலுக்கு அசிஸ்ட் கிடையாது. இந்த விதியை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல விதிக்கு விளம்பரம் எதற்கு.

விதி அற்புதமாக வேலை செய்தது. பம்பரத்தின் எண் ஒவ்வொரு ஆட்டத்திலும் இறங்கியது. தூணின் எண் ஏறிக்கொண்டே போனது. தூண் யாருக்காவது தண்ணீர் பாட்டிலை இரண்டு கையால் நீட்டினால்கூட என் பேனா துடித்தது. கடையில் விவாதம் நின்றுபோனது. நான் தாளை விரித்துக் காட்டுவேன், மச்சினன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்ப்பான். "எப்படி அத்தான் இது? நான் பாத்தப்போ எட்டாச்சும் கொடுத்தானே." "எண் பொய் சொல்லுமா மாப்ளே?" என்பேன். முப்பத்திரண்டு வருட வேலையில்கூட இவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

பத்தாவது ஆட்டம் முடிந்ததும் பம்பரத்தின் அம்மா மேசைக்கு வந்தார். மருத்துவமனையில் நர்ஸ். மடித்த நோட்டு ஒன்று கையில் இருந்தது.

"ஐயா, இன்னைக்கு ஒன்பது கொடுத்தான். நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க."

"அம்மாக்கள் கண்ணுக்கு எல்லாமே ஒன்பதுதாம்மா."

"வார்டுல நாப்பது பேருக்கு ஜுரம் பாத்துக் குறிக்கறவ நான். எனக்கு எண்ணத் தெரியாதா?" குரலை உயர்த்தவில்லை அவர். "சீசன் முடியும்போது நூத்தியெண்பது இருந்தாத்தான் அவனுக்கு அடுத்த வருஷம் அணியில இடம். எழுதிக் கொடுத்திருக்காங்க. அவனுக்கு வேற வேலை தெரியாதுங்க."

உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். ஒரு மேசைக்காரன் செய்ய வேண்டிய மரியாதையில் குறையே வைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர் மகனுக்கு ஒன்று போட்டேன். பதினொன்று கொடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு பையனே வந்தான். "சார், நான் கொடுக்கற பந்து போய்ச் சேருது, பாயிண்டும் வருது. ஆனா தாள்ல வரமாட்டேங்குது. என்ன தப்பு பண்றேன்?" மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? "ரெண்டு கைப்பா" என்றேன். "அடிப்படை." மறுநாளிலிருந்து காலையில் சுவரைப் பார்த்து ஐந்நூறு பாஸ் கொடுக்க ஆரம்பித்தான். மணிக்கட்டு இரண்டும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கின.

அதன் பிறகு ஆட்டங்களில் இரண்டு கையால்தான் கொடுத்தான், பல சமயம். கால்களை ஊன்றி, நெஞ்சுக்கு நேராகப் பந்தைக் கொண்டுவந்து, முழங்கையை விரித்து அவன் தயாராவதற்குள் எதிரணிக்காரன் டீ குடித்துவிட்டு வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். அந்தத் தவறுகளையெல்லாம் ஒன்று விடாமல் அவன் பெயரில் குறித்தேன். குறிப்பில் நேர்மை முக்கியம்.

சீசன் முடிந்தது. தாளில் பம்பரத்துக்கு அறுபத்தொன்று. அணி அவனை வீட்டுக்கு அனுப்பியது. அந்தச் சனிக்கிழமை மச்சினன் சொன்ன சொல் தவறாமல் நாற்காலியில் உட்கார்ந்து மீசையைக் கொடுத்தான். எழுந்தபோது உரித்த முட்டை மாதிரி இருந்தான். என் மனைவிக்குத் தன் தம்பியை அடையாளம் தெரியவில்லை, வாசலில் நிறுத்தி, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா எலும்பு இரண்டு இடம் மாறிவிட்டது. வாழ்க்கையில் எல்லாம் கிடைத்தவன் ஒருவனை நீங்கள் பார்க்க விரும்பியிருந்தால் அன்று வந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாதான் உங்களுக்கு மனு எழுதினார். நீங்கள் எல்லா ஒளிப்பதிவையும் போட்டு மூன்று பேரை வைத்து எண்ணினீர்கள். சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். அவனுக்குச் சேர வேண்டிய நூற்றுப்பதினெட்டை நான் போடவில்லை. தெரிந்தே போடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பதினேழாவது ஆட்டத்துக்கு மட்டும் ஒளிப்பதிவு இல்லை. கேமராக்காரர் அன்றைக்கு அதை ஓடவிட மறந்துவிட்டார். அதில் என் தாளில் நான்கு, அம்மாவின் நோட்டில் ஐந்து. என் நான்கை வைத்துக் கூட்டினால் மொத்தம் நூற்று எழுபத்தொன்பது வருகிறது, அணி கேட்டதற்கு ஒன்று குறைவு. தாய் எழுதிய நோட்டை அணி ஏற்காது, என் வாயால் வந்தால் ஏற்கும் என்கிறீர்கள். அம்மாவும் மகனும் வெளியே காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். அந்த ஐந்தாவது நடந்ததா என்பதுதான் கேள்வி.

நடந்தது. நேற்றுப் பார்த்ததுபோல நினைவிருக்கிறது. மூலையில் இரண்டு தடியர்கள் அவனை மடக்கிவிட்டார்கள். பையன் எழும்பினான். முகம் கூரையைப் பார்க்கிறது. வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போகிறது. பந்து அந்த இரண்டு பேருக்கும் நடுவே, ஒரு கடிதம்கூட நுழையாத இடத்தில் நுழைந்து, தரையில் ஒருமுறை பட்டு, தூணின் கையில் போய் உட்கார்ந்தது. தூண் கையைத் தூக்கினான், விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்துவிட்டேன், என் பேனா உருண்டு நடுவரின் காலடியில் கிடந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் இந்த ஆயுளில் பார்த்ததில்லை, ஐயா.

எனக்கு அந்தப் பையன் மேல் துளி வன்மம் கிடையாது. கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டேன், நூற்றுப்பதினெட்டையும் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மனசு இப்போது பஞ்சுபோல இருக்கிறது. ஆனால் அந்த ஐந்தாவதில் அவன் கால் இரண்டும் தரையில் இல்லை, பந்தின் மேல் இருந்தது ஒரே ஒரு கை. அதை மட்டும் அசிஸ்ட் என்று சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்காது. நான்கு என்றே இருக்கட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?