போப்பாண்டவர் வரை வராத மணல்

கஞ்சியை ஆறவிட்டுக் குடிப்பதே வயிற்றுக்கு நல்லது. நகரசபைத் தலைவர் அவர்களே, முப்பது ஆண்டுகளாக நான் விரும்பியது அதற்கான அவகாசத்தை மட்டுமே. இந்த விண்ணப்பமும் அதற்காகவே.

ரோட்டன்பாக்கில் சபைகள் இரண்டு, கோயில் ஒன்று, கோயில்பிள்ளையும் நான் ஒருவனே. உடன்படிக்கைப்படி, ஞாயிறு எட்டு மணிக்கு லூத்தரன் போதகர் மேடையில் மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார். ஒரு மணி நேர மணல் தீர்ந்ததும் இறங்குவார். ஒன்பது அடித்ததும் கத்தோலிக்கர் பூசைக்கு வருவர். இடையில் கஞ்சி குடிக்கப் போனால் நாக்கு வேகும். பூசை முடிந்து போனால் அது பாறையாகியிருக்கும்.

சென்ற தவக்காலத்தில் மணல் கால் மணி முன்னதாகவே தீரத் தொடங்கியது. நான் நிம்மதியாகக் குடித்தேன்.

போதகர் ஆம்புரோஸ் அளந்து பேசுபவர். ஆதாம் தொடக்கத்தில் வருவார். போப்பாண்டவர் கடைசிக் கால் மணியில். நான்கு வாரம் போப்பாண்டவர் வசை கேளாமல் தப்பினார். போதகர் இளைத்துப்போனார்.

“கடிகாரம் செஞ்ச கண்ணாடிக்கார ஃபைட் கத்தோலிக்கன்தானே? கடிகாரத்துல அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான். நீ என்னப்பா சொல்ற, லோரன்ஸ்?” என்று என்னிடம் கேட்டார்.

“கோயில் பெருக்குறவனுக்கு என்னங்க தெரியும்?” என்றேன்.

ஐந்தாம் ஞாயிறு, மணல் தீர்ந்ததும் அவர் இறங்கவில்லை. கடிகாரத்தை மறுபடியும் கவிழ்த்தார். ஒன்பது அடித்தது. பாதிரியார் கோர்பினியன் தம் மக்களுடன் வந்து மேடைப்படி ஏறினார்.

“ஒம்பது அடிச்சாச்சு, இறங்குமய்யா.”

“போப்பாண்டவர் பாக்கி இருக்காரு. இருந்து கேட்டுட்டுப் போம்.”

“அவரு ரோம்ல சௌக்கியமா இருக்காரு. நீர் படியைப் பாத்து இறங்கும்.”

இருவருமே படியைப் பார்க்கவில்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பற்றியபடி மேடையிலிருந்து கல்தரையில் விழுந்தனர். இருவரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தோம். குழி வெட்டியதில் நான் பேதம் பார்க்கவில்லை.

பொய்க் கடிகாரம் செய்து இரு உயிரைப் போக்கினான் என்று தாங்கள் ஃபைட்டைத் தூக்கிலிட்டீர்கள். கயிற்றடியிலும் அவன், “என் மணல் சரியான மணலுங்க” என்றான். சரியான மணல்தான், நான் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. விசாரணையில் என்னை யாரும் கேட்கவுமில்லை.

இப்போது வந்திருக்கும் புதிய கடிகாரத்துக்குத் தாங்கள் ஈய முத்திரை இட்டிருக்கிறீர்கள். கஞ்சி மீண்டும் பாறையாகிறது. பழைய கடிகாரத்தில் இரு கண்ணாடிக் கிண்ணங்களும் மெழுகால் மட்டுமே ஒட்டியிருந்தன. சிறு சூட்டில் இளகின. ஆகவே, இரு வழிபாடுகளுக்கும் இடையே கால் மணி நேரம் அருளுமாறு பணிந்து கேட்கிறேன். அமைதிக்கும் அது நல்லது.

நான் எடுத்தது மூன்று கரண்டி மணல். இரண்டே போதுமாயிருந்திருக்கும், அன்று நாக்கு வெந்திருந்தது.