பன்னிரண்டாவது தட்டு

பனிக்கால விடுமுறைக்கு எந்த மலைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், சூப் சூடாகக் கிடைக்கும் ஊருக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். பனியில் சறுக்க வருபவர்களைக் கம்பியால் மேலே இழுத்துப்போகும் லிஃப்டுக்கு நிற்கும் வரிசை குட்டையாக இருக்கவேண்டும். மத்தியானம் இரண்டு மணி நேரமாவது முதுகில் வெயில் விழவேண்டும். சூப்பில் மிதக்கும் ரொட்டி உருண்டை கரண்டிக்குக் கல்லாக இருக்கக் கூடாது. முப்பத்தொரு குளிர்காலம் லிஃப்டடியில் நின்றவன் சொல்கிறேன். படம் போட்ட புத்தகங்களில் இதெல்லாம் இருக்காது.

வாக்குமூலத்தை நீங்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றீர்கள், மேடம். நானே எழுதுகிறேன் என்று தாள் கேட்டு வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. பத்து வயதிலிருந்து மேய்ச்சல் மலையில் மாடுகளோடு கிடந்தவன் நான். கையெழுத்து மட்டும் போடுவேன். மனைவி இறந்தபின் மகளின் கடிதங்களை வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. தபால்காரர் வாசலில் நின்று வாசித்துவிட்டுப் போவார். அவர் குரலில் என் மகள் ‘அன்புள்ள அப்பா’ என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கீழ்ப்பட்டணத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு இரண்டு ஆண்டு போனேன். இன்னமும் விரல் வைத்துத்தான் வாசிக்கிறேன். மெதுவாக வாசிப்பவன் எதையும் தவறவிடுவதில்லை.

மகள் பெயர் நோட்புர்கா. புர்கிள் என்று கூப்பிடுவோம். அவளைக் கட்டிக்கொண்ட ஹெண்ட்ரிக் வடக்கே பிரேமன் நகரத்துக்காரர். என் லிஃப்டில் ஏறத் தெரியாமல் நான்கு முறை விழுந்தார். மூன்று முறை நான் தூக்கிவிட்டேன். நான்காம் முறை அவள் தூக்கினாள். நல்ல மனிதர். எங்கள் மலையில் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான், மாமனார், பாதிரியார் என்று வித்தியாசம் இல்லை. அவர் மட்டும் ஒன்பது ஆண்டாக என்னை ‘நீங்க’ என்றே சொன்னார்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். இலை உதிரும்போது மலையூர்களின் படப் புத்தகங்களை மேசையில் பரப்பி, ஆளுக்கொரு ஓட்டுப் போடுவார்கள். எட்டு ஆண்டு வேறு மலைகள் ஜெயித்தன. ஒருமுறை சுவிஸ், ஒருமுறை இத்தாலி. “அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா” என்பாள் புர்கிள். கோடையில் மூன்று நாள் வந்து போவார்கள். கோடையில் நான் வெறும் கிழவன். பனியில்தான் நான் ஓர் ஆள்.

போன அக்டோபரில் தொலைபேசியில் பேத்தி வீப்கே பேசினாள். ஏழு வயது.

“தாத்தா, நான் உன் மலைக்கு ஓட்டுப் போட்டேன். அம்மாவும் போட்டா. அப்பா தோத்துட்டார்.”

தொலைபேசியை வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்ட உட்காரும் பலகைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருடப் பனி சரியில்லை. நவம்பரில் மெல்லியதாக விழுந்தது, உறைந்து உதிரிச் சர்க்கரை போல ஆகிவிட்டது. ஜனவரியில் காற்று அதன்மேல் கனத்த பனியைக் கொண்டுவந்து அடுக்கியது. சர்க்கரைமேல் வைத்த பலகை; ஆள் பாரம் பட்டால் மொத்தமாக நழுவி இறங்கிவிடும். எங்கள் பெரிய சரிவு வடக்குப் பார்த்தது; நிழல்சரிவு என்போம். அதை மூடி, அது தொடங்கும் இடத்தில் குறுக்குக் கம்புகளை நட்டிருந்தோம்.

ஒரு சரிவைத் திறக்கலாமா என்று எங்கள் ஊரில் எப்படி முடிவு செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விடியும்போது இரண்டு பேர் மேலே போய்க் குழி வெட்டுவோம். குழிச்சுவரில் ஒரு பனித்தூணைச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியைப் படுக்கவைத்து, உள்ளங்கையால் தட்டுவோம். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. முழங்கையிலிருந்து பத்து. தோளிலிருந்து பத்து. தூண் எப்போது நழுவுகிறதோ அதுதான் கணக்கு. தோள்வரை தாங்கினால் திறக்கலாம். அதற்கு முன்னால் போனால் கூடாது. கீழே இருப்பவர் கேட்பது ஒரே கேள்வி: “எங்க?”

அவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். மூன்று நாளும் கீழே இரண்டு குட்டிச் சரிவுகள்தான் ஓடின. திங்கள் சாயங்காலம் என் சமையலறையில் சூப் குடிக்கும்போது ஹெண்ட்ரிக் ஆரம்பித்தார்.

“வின்சென்ஸ், தப்பா நினைக்காதீங்க. என் சறுக்குப் பலகைக்கே வழி மனப்பாடம் ஆயிடுச்சு. நான் மேல தூங்கினாலும் அது கீழ கொண்டுவந்து விட்டுடும்.”

“உங்க ஊர்ல சாக்கடை மூடிதான் மலை. பேச வந்துட்டார்” என்றாள் புர்கிள்.

“நாளைக்கும் மூடியிருந்தா எதிர்ப் பள்ளத்தாக்குக்குப் போறோம். அங்க மேல பனியாறு. எப்பவும் திறந்திருக்கும். அறைகூட சொல்லிட்டேன்.”

“அப்பா, மூஞ்சியைத் தூக்காதே” என்றாள் அவள்.

நான் தூக்கவில்லை. உருண்டையை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப் பள்ளத்தாக்கு எங்கள் விருந்தாளிகளை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டது. வேலைக்காரர்களையும் எடுத்துக்கொண்டது. அங்கே உருண்டைகூட டப்பாவிலிருந்து வருவதாகக் கேள்வி.

வீப்கே எழுந்துவந்து என் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்றைச் செருகினாள்.

“நாளைக்கு வாசி. இப்ப வேண்டாம். நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள சூப் ஆறிடும்.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

செவ்வாய்க்கிழமை என்னோடு மேலே வரவேண்டியவர் கஸ்ஸியான். பனிக்குழுவுக்குத் தலைவர்; மற்ற நாளில் கசாப்புக்காரர். முழங்கால் வீங்கிவிட்டது. “நீ போய்ட்டு வா. உன் கை தெரியாததா எனக்கு” என்று அனுப்பிவிட்டார். இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மேடம். முப்பது வருடம் கூடவே குழி வெட்டியவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

குழி வெட்டினேன். மணிக்கட்டில் பத்தும் தாங்கியது. முழங்கையில் இரண்டாவது தட்டில், மொத்தத்தில் பன்னிரண்டாவது, தூணின் மேல்பாதி மேசை இழுப்பறை மாதிரி சத்தமில்லாமல் என் மடியில் வந்து உட்கார்ந்தது. நான்கடி தள்ளி இன்னொரு குழி வெட்டினேன். அங்கும் பன்னிரண்டு.

வாக்கி-டாக்கியில் கஸ்ஸியான் கூப்பிட்டார்.

“எங்க?”

“தோள்.”

“தோளா? நேத்து முழங்கையில போச்சேய்யா.”

“ராத்திரி நல்லா இறுகியிருக்கு. ரெண்டு குழி பாத்துட்டேன்.”

“ரெண்டும் தோளா?”

“ரெண்டும்.”

“உன் மாப்பிள்ளைக்கு யோகம்தான். சரி, கம்பைப் பிடுங்கு.”

பிடுங்கினேன். சோதனையைப் பதியும் சீட்டிலும் ‘தோள்’ என்று எழுதினேன். எழுத்துப் படித்தபின் நான் எழுதிய முதல் பொய் அது. எழுத்து கோணவில்லை. முனகுகிற எல்லாச் சரிவும் இறங்கிவிடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். பல வருடம் முனகிவிட்டு அப்படியே கரைந்த சரிவுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதரைக்கு அவர்கள் மூவரும் என் லிஃப்டுக்கு வந்தார்கள். ஹெண்ட்ரிக் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார். “நீ கெட்டிக்காரன்யா, வின்சென்ஸ்” என்றார். ஒன்பது ஆண்டில் முதல் ‘நீ’.

வீப்கேவுக்குப் பின்னால் லிஃப்டின் இழுப்புக் கம்பியைப் பிடித்துக் கொடுத்தேன்.

“வாசிச்சியா?”

“இன்னும் இல்ல.”

“சோம்பேறி. சரி, இனிமே வாசிக்காதே. இங்கயே திறந்துட்டாங்களே.”

வலது ஓரமாகப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் பாறை இருக்கிறது, பனி பிடித்து நிற்கும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சொல்லவில்லை.

அவர்கள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியதும், முதலில் லிஃப்டின் கம்பிகள் நடுங்கின. பிறகு பெரிய போர்வையை யாரோ உதறி மடிப்பது போல ஒரு சத்தம். புர்கிள் உச்சியில் காலணிக் கொக்கியைப் பூட்ட நின்றதால் தப்பினாள். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஹெண்ட்ரிக்கை நாற்பது நிமிடத்தில் பனிக்கடியிலிருந்து எடுத்தோம். வீப்கேவை எடுத்தது நான். ஒரு கையுறை இல்லை. அந்தக் கையை என் வாய்க்குள் வைத்துச் சூடாக்கப் பார்த்தேன். கஸ்ஸியான்தான் என் தோளைத் தொட்டு, போதும் என்றார்.

இருவரையும் எங்கள் ஊர்த் தேவாலயத் தோட்டத்தில், என் மனைவிக்குப் பக்கத்தில் வைத்தோம். பிரேமனுக்கு எடுத்துப்போகலாம் என்று ஹெண்ட்ரிக்கின் வீட்டார் கேட்டார்கள். “அவ இந்த மலைக்குத்தானே ஓட்டுப் போட்டா” என்றாள் புர்கிள். ஆறு வாரமாக என் வீட்டில் இருக்கிறாள். காலையில் கல்லறைக்குப் போகிறாள். மத்தியானம் சூப் வைக்கிறாள். இனி எங்கேயும் போகப்போவதில்லை என்கிறாள். அவள் காலணி என் அடுப்போரம் காய்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்குள் ஒன்று அமைதியாகிறது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கஸ்ஸியான் கத்தியைக் கழுவி வைத்துவிட்டார், கடை திறப்பதில்லை. எல்லாம் தன் முழங்காலால் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லி அழுகிறார். அவர்மேல் வழக்குப் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் இங்கே வந்தேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே சொல். அதைக் கொடுத்தது நான். பேத்தி போய்விடுவாளே என்ற பயத்தில் கொடுத்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் தலையசைத்தீர்கள். கண் கலங்கியதையும் பார்த்தேன்.

மடித்த தாள் உங்கள் மேசையில் இருக்கிறது. அதை எப்போது வாசித்தீர்கள் என்று கேட்டீர்கள். அடக்கத்துக்குப் பிறகு என்றேன். புர்கிளும் அப்படித்தான் நம்புகிறாள். “பாவம் அப்பா, அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல” என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள்.

இரண்டாவது குழியிலும் தூண் நழுவியபின், மூச்சு வாங்கக் குழிவிளிம்பில் உட்கார்ந்தேன். வெளிச்சம் வந்துவிட்டது. தாளைப் பிரித்து, விரல் வைத்து வாசித்தேன்.

‘தாத்தா, மூடியிருந்தா நீயும் எங்ககூட வர்றே. அறையில நாலு கட்டில் சொல்லியாச்சு. அப்பாதான் சொன்னார். உன் கட்டில் என் பக்கத்துல.’

எதையும் விட்டுவிடக் கூடாதென்று இரண்டாம் முறையும் வாசித்தேன். அந்த மலையில் நான் வரிசையில் நிற்பேன். யாரோ ஒருவன் எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து, ‘பாத்து ஏறு பெரியவரே’ என்பான். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாளை அவள் மடித்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தேன்.

கஸ்ஸியான் கூப்பிட்டது அதற்குப் பிறகு. நான் ‘தோள்’ என்றதும் அதற்குப் பிறகுதான்.