சோரோர் என்றால் யார்?

நேரம் கடந்தால் மைக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று சற்று முன் மிரட்டிய அன்புத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! லத்தீன் பயிலும் நம் வட்டத்துத் தோழர்களே! தாவரத் தோட்டத்தில் பெயர்ப்பலகை எழுதும் இந்த எளியவளின் வணக்கம்.

"எதுக்கும்மா செத்த மொழி?" என்று கேட்கிறார்கள். செத்ததா? செத்தது திரும்பி வராது என்று யார் சொன்னது? எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

என் அக்காவும் நானும் ஒரே அலுவலகத்தில், ஒரே கணினியில், மதிய இடைவேளையில் லத்தீன் படித்தோம். சொற்களை மனப்பாடம் செய்விக்கும் மென்பொருள்; அதன் நீதி நீங்கள் அறிந்ததே. திரையில் சொல் தோன்றும். பொருளைத் தட்ட வேண்டும். சரியென்றால் அந்தச் சொல் பல நாள், சில நேரம் பல ஆண்டுகள்கூட, விலகிப் போகும். தவறென்றால் மறுநாளே வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான சொற்களை வென்ற எங்களை ஒரே ஒரு சொல் வென்றது. 'சோரோர்'. உடன்பிறந்தவள். லத்தீனுக்கு மூத்தவள், இளையவள் பேதமில்லை. நமக்கு உண்டே! நான் 'அக்கா' என்று தட்டுவேன், சிவப்பு. அவள் 'தங்கச்சி' என்று தட்டுவாள், சிவப்பு.

"சகோதரின்னு போட்டுத் தொலையேன்டி!"

"நீ போடேன் பாப்போம்!"

இருவரும் போடவில்லை.

போன ஆண்டு அக்கா இறந்தாள். மூன்றே நாள் காய்ச்சல்.

நான் தனியே படித்தேன். ஒவ்வொரு சொல்லாக விலகிப் போயிற்று. சோரோர் மட்டும் வந்தது. 'அக்கா' என்றே தட்டினேன்; வேண்டுமென்றே தட்டினேன்; நாளையும் அது வர வேண்டும் என்றே தட்டினேன். ஒரு நாள் நண்பகல். ஜன்னல் நிறைய வெயில். என் கைகள் மடியில். திரையில் எழுத்துகள் விழுந்தன. த. ங். க. ச். சி.

பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். கணினி பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். "பழைய பதில் தானா நிரம்புதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் அவரையே உட்கார வைத்தேன். எழுத்துகள் விழுந்தன, நடுவில் ஒன்று பிழையாகி, அழிந்து, திருத்தமாக மீண்டும் விழுந்தது. மனிதர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார்!

மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன். அஞ்சினேனா? அஞ்சினேன். ஆனால் அவையோரே, நாளுக்கு நாள் அந்த எழுத்துகள் தளர்ந்து, தயங்கி, தடுமாறி விழுந்தன. களைத்த கை. அவளைப் போக விடாமல் பிடித்து வைத்தது மென்பொருளா? இல்லை. விதியா? இல்லை. நான்! என் பிடிவாதம்! நான் தெரிந்தே செய்த ஒரு தவறு!

நேற்று 'சகோதரி' என்று தட்டினேன். பச்சை. 'இச்சொல் இனி ஒன்பது ஆண்டுகள் கழித்து' என்றது திரை. வாய்விட்டு அழுதேன்.

அழுது ஓயுமுன் இன்னொரு சொல் வந்தது. எங்கள் பட்டியலில் நாங்கள் ஏற்றாத சொல். 'வாலே'. விடைபெறும்போது சொல்வது. நான் எதையும் தட்டவில்லை. பொருள் தானாக விழுந்தது, மிக மெதுவாக: 'போயிட்டு வரேன்'.

'போறேன்' என்று சொல்லவில்லை, தாய்மார்களே! கவனித்தீர்களா? இவ்வளவு நேரம் மூச்சடக்கிக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.