ஹார்ட்லி துரையின் கையெழுத்து

சின்னதாக ஒரு கதை சொல்கிறேன், ஆய்வகத் தோழர்களே. கேட்டுவிட்டுக் கைதட்ட வேண்டாம்... யோசித்தால் போதும்.

வெள்ளைக்காரன் காலம். காவிரிக் கரையில் நெல் நோய்களுக்கென்று ஓர் அரசு ஆய்வகம். அதற்கு அதிகாரி வேண்டும். "நல்ல தகுதியுள்ள விஞ்ஞானி தேவை" என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். எங்கே? லண்டனில். இங்கே அதே ஆய்வகத்தில் ஆவுடையப்பன், தாவரவியல் எம்.ஏ., ஒன்பது வருஷமாகக் குலைநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் யார்? உதவியாளர். ஏன் உதவியாளர்?... அதை என்னிடமா கேட்கிறீர்கள்?

ஹார்ட்லி என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அறைக்கு வெள்ளையடித்து, வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. ஹார்ட்லி வரும் வழியில் காய்ச்சல் கண்டு கப்பலிலேயே செத்தார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் ஆவுடையப்பன் குலைநோய்க்கு மருந்து கண்டுபிடித்தார். தன் பெயரைப் போட்டு அறிக்கை அனுப்பினார். திரும்பி வந்தது. அதிகாரி கையெழுத்து இல்லையாம். தலைமைக் குமாஸ்தா ரகோத்தம ராவிடம் போனார்.

"ராவ்ஜி, அதிகாரிதான் செத்துட்டாரே?"

"உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே ஓய். லண்டன்லேருந்து அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் அவர்தான் அதிகாரி."

"அப்ப கையெழுத்தை யார் போடறது?"

"பேனா உம்ம கையிலதானே இருக்கு? அவர் அனுப்பின சம்மதக் கடிதம் இருக்கு. அதுல இருக்கற கையெழுத்தைப் பார்த்துப் போடும். பயிராவது பிழைக்கட்டும்."

போட்டார். பாராட்டு வந்தது... ஹார்ட்லிக்கு.

இப்படி ஆறு வருஷம். அந்த அறையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கையெழுத்து சரியாக வந்தது. பியூன் மாரிமுத்து தினமும் துரை மேஜையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார். சாயங்காலம் கிளாஸ் காலியாக இருக்கும்.

"நீயா குடிக்கிறே?"

"துரை கிளாஸை நான் தொடுவேனாய்யா? நீங்கதான்னு நினைச்சேன்..."

ஆவுடையப்பனும் தொட்டதில்லை.

ஏழாம் வருஷம் ஓர் உத்தரவு. அந்தப் பதவிக்கு இந்தியரும் மனுப் போடலாம். ஒரே நிபந்தனை... மேலதிகாரியின் ரகசிய மதிப்பீடு வேண்டும்.

ராவ் சிரித்தார். "தன்னைப் பத்தித் தானே எழுதிக்கிற யோகம் யாருக்கு ஓய் வரும்?"

நடுப்பகல். ஆவுடையப்பன் அந்த அறைக்குப் போனார். மதிப்பீட்டுப் படிவம் எடுக்க மேஜை இழுப்பறையைத் திறந்தார். படிவம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது.

"உழைப்பாளி. சொன்னதைச் செய்வார். சொந்தமாகச் சிந்திக்கத் தெரியாது. இந்தப் பதவிக்குத் தகுதியில்லை."

கீழே ஹார்ட்லியின் கையெழுத்து. மை காயவில்லை. கிளாஸில் பாதித் தண்ணீர். ஆவுடையப்பன் தன் வலது கையைப் பார்த்தார்... விரலில் மை.

என்ன செய்தார் தெரியுமா? கிழித்துப் போட்டாரா? இல்லை, தோழர்களே. உறையில் போட்டு, ஒட்டி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அதிகாரி கையெழுத்துதான் இருந்ததே.

பேய்க்கதை என்கிறீர்களா? இந்த மண்ணில் கால்கூட வைக்காதவன் எப்படிப் பேயாக வருவான்? நம் வேலையின் தலையில் இன்னொருவன் பெயரை எழுதினோமே... நானும் எழுதினேன், இருபத்திரண்டு வருஷம்... அன்றைக்கே அவனுக்கு நமக்குள்ளே ஒரு நாற்காலி போட்டுவிட்டோம். வெளியே இருப்பவன் நம்மைத் தகுதியில்லை என்று சொல்வதற்கு முன்னால், உள்ளே இருப்பவன் எழுதி முடித்துவிடுகிறான்.

நாளைக்கு நீங்களும் பதவி உயர்வுக்கு மனு எழுத உட்காருவீர்கள். பேனாவை எடுப்பதற்கு முன்னால்... விரலைப் பாருங்கள்.