ஆமைக்கு இன்னும் ஒரு லெவல்

— கதவைத் தொடாதே தங்கச்சி. ஸ்கிரீன்லேர்ந்து விரலை எடு.

— தொடலண்ணே. ஆட்டத்துல இந்த நாலு பேரையும் இங்க நடத்திக் கூட்டிட்டு வந்தது உங்க கை. மந்திரம் போடறதும் கதவைத் திறக்கறதும்தான் என் கை.

— என் கை தானா வந்துடுச்சு. பஸ் ஓட்டின கை. முன்னால ரோடு இருந்தா போயிடும்.

— அப்போ பின்னால எடுங்க. ரிவர்ஸ் தெரியும்ல?

— முப்பது வருஷத்துல ரிவர்ஸ்ல ஒரு செவுத்தை இடிச்சதில்ல, தெரிஞ்சுக்கோ. இதோ. கேடயக்காரன் முன்னால, வில்லுக்காரி அவன் முதுகுக்குப் பின்னால, திருடன் பக்கத்துல. கடைசில நம்ம மந்திரவாதி ஆமை. இப்பதான் எனக்கு மூச்சு வருது.

— நாலு வாரமா இதே கதவு முன்னால முன்னயும் பின்னயும் ஓட்டிட்டிருக்கோம்.

— உள்ள போனா திரும்ப முடியாது. சேவ் பண்ணவும் முடியாது. அங்க செத்தா செத்ததுதான். ஆமை இன்னும் பதினொண்ணுலயே நிக்கிறான். பன்னெண்டு வரட்டும்.

— மத்த மூணு பேரும் இருபதுல இருக்காங்க.

— அவங்களுக்கு ஆளுக்கு ஒரு வித்தை. வெட்டு, எய், திருடு. ஆமைக்கு நாலு. நெருப்பு, வைத்தியம், மாயம், ஆவியைக் கூப்பிடறது. கிடைக்கிற புள்ளியை நாலாப் பிரிச்சுப் போட்டா எப்படி ஏறும்?

— பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சிஸ்டர் சிரிக்கறாங்க.

— சிரிக்கட்டும். நாலும் பன்னெண்டைத் தொட்டா நாலையும் சேர்த்து ஒரே மந்திரமா வீசலாம். அப்புறம் சிஸ்டர் வாயைப் பொத்திக்கணும்.

— யாரு வாயைப் பொத்திக்கணும்?

— ஐயோ, சிஸ்டர். வந்துட்டீங்களா? உங்களை இல்ல. ஆட்டத்துல ஒரு ராட்சசி.

— அந்த ராட்சசி உங்க பிரஷர் பாக்க வந்திருக்கா. கையை அசைக்காதீங்க, ஊசி நகர்ந்துடும். நூத்தி எண்பது. காலைல நூத்தி அறுபது இருந்துச்சே, டிரைவர் சார்?

— மெஷின் பழசு.

— மெஷின் போன மாசம் வந்தது. தண்ணி ஏதாவது குடிச்சீங்களா?

— ஒரு சொட்டு இல்ல. நாக்கு சாக்குத் துணி மாதிரி இருக்கு.

— நல்லது. நாலு மணிக்குள்ள கையெழுத்து வேணுமாம், டாக்டர் மறுபடியும் போன் பண்ணினாரு. இந்த பேப்பர்ல இங்க ஒண்ணு, பின்னால ஒண்ணு. கிட்னி கீழ ஐஸ்ல இருக்கு சார். அதுக்கு நம்ம மாதிரி பொறுமை கிடையாது.

— வெச்சுட்டுப் போங்க. படிச்சுப் பாக்கறேன்.

— காலைலயும் இதைத்தான் சொன்னீங்க. அக்கா, நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க.

— நான் என்ன சொல்ல, சிஸ்டர். நீங்க போங்க.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. பேப்பரை எடுங்கண்ணே.

— கண்ணாடி எடுத்துட்டு வரல.

— கண்ணாடி உங்க மூக்கு மேல இருக்கு.

— இது தூரத்துக்கு.

— அண்ணே.

— என்ன அண்ணே நொண்ணே. அந்த ஓநாய் வருது பாரு, மாயத்தைப் போடு. ஆமையை மறை. மறை, மறை!

— மறைச்சாச்சு. ஓநாயைப் பாத்தே இப்படி வேர்க்குது உங்களுக்கு.

— ஓநாய்க்கு இல்ல.

— தெரியும்.

— கேளு தங்கச்சி. காலைல அஞ்சு மணிக்குப் போன். கிட்னி கிடைச்சிருக்கு, உடனே வாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. ஏழு வருஷமா காத்துக்கிடந்த போன். என் பொண்டாட்டி அழுவுறா, சிரிக்கிறா. நான் பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டேன்.

— எவ்வளவு நேரம்?

— அவ கதவை இடிக்கிற வரைக்கும். பல்லு விளக்கறேன்னு சொன்னேன்.

— ஒத்தை பல்லையா விளக்கினீங்க, அவ்வளவு நேரமா?

— சிரிக்காதே. நீ உக்காந்திருக்கியே, இந்த நாற்காலி. உனக்கு முன்னால இதுல யாரு இருந்தா தெரியுமா?

— தபால்காரர்னு சொல்லியிருக்கீங்க.

— தபால்காரர். என்னை விடப் பன்னெண்டு வயசு சின்னவன். மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டுவான். கிட்னி வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க, குதிச்சுக்கிட்டு போனான். வெள்ளிக்கிழமை வந்து எல்லாருக்கும் கை கொடுக்கறேன் அண்ணேன்னான். வெள்ளிக்கிழமை நாற்காலில வேற ஆள்.

— அந்த வேற ஆள் நான்தான்.

— உன்னைக் குறை சொல்லல.

— அவருக்கு இருதயத்துல ஏற்கனவே கோளாறுன்னு சிஸ்டர் சொன்னாங்க.

— எனக்கு என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பானெட்டைத் திறந்தாதானே தெரியும். மயக்க ஊசி போட்டா பத்து எண்ணச் சொல்வாங்களாம். எனக்கு அந்த மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என்ன ஆகும்கறதுதான் கவலை. இங்க என்ன குறைச்சல்? திங்கள், புதன், வெள்ளி. நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்தும், கால் இழுக்கும், வீட்டுக்குப் போய் வாந்தி எடுப்பேன். ஆனா எடுப்பேன்ல? அடுத்த புதன் வருதுல்ல?

— எத்தனை புதன் வரும்?

— அதைக் கேக்காதே.

— டாக்டர் போன மாசம் உங்ககிட்ட சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. திரை துணிதானே. இந்த ரத்தக் குழாயும் அடைச்சா அடுத்து ஊசி குத்த இடம் இல்லைன்னாரு.

— ஒட்டுக் கேட்டியா?

— பக்கத்து நாற்காலிண்ணே. காதை எங்க கழட்டி வைக்கிறது?

— சரி, அதை விடு. நான் போயிட்டா உன் கதி என்ன? எனக்கு இடது கை கட்டிக்கிடக்கு, உனக்கு வலது கை. ரெண்டு அரை ஆள் சேர்ந்து ஒரு முழு ஆளா ரெண்டு வருஷம் ஆடியிருக்கோம். ஒத்தைக் கையில ஆமையை எப்படிக் காப்பாத்துவே?

— ஆமைக்காகத்தான் கிட்னியை வேணாம்னு சொல்றீங்களா?

— சொல்லக்கூடாதா?

— டாக்டர்கிட்ட சொல்லிப் பாருங்க. எழுதி வெச்சுக்குவாரு.

— அதுவும் இல்லாம, நான் வேணாம்னா அது குப்பைக்கா போகப் போகுது? லிஸ்ட்ல அடுத்து ஒரு ஆள் இருப்பாரு. சின்ன வயசுக்காரனா இருக்கலாம், புள்ளைக்குட்டிக்காரனா இருக்கலாம். வாழட்டும். எனக்கும் ஒரு புண்ணியம்.

— புண்ணியம்னு சொல்லாதீங்க.

— ஏன்?

— பயம்னு சொல்லுங்க. பயம்னா நான் கேட்டுக்கறேன். புண்ணியம்னு சொன்னா காது கூசுது.

— ஏன் கத்தறே? சிஸ்டர் திரும்பிப் பாக்கறாங்க.

— கத்தல.

— பயம்தான். போதுமா? பயம். எனக்குப் போக வேண்டாம், தங்கச்சி. நீ ஒரு வார்த்தை சொல்லு, போக வேண்டாம்னு. இந்த பேப்பரைச் சிஸ்டர்கிட்ட அப்படியே கொடுத்துடறேன்.

— நான் சொன்னா?

— நீ சொன்னா எனக்குப் போதும். வேற யாரு சொல்லுவா? வீட்டுல சொல்ல மாட்டாங்க. நீ இந்த நாற்காலில இருக்கறவ. உனக்குத் தெரியும்.

— ஓநாய் மறுபடியும் வருதுண்ணே.

— சொல்லேன்.

— சரிண்ணே. போக வேண்டாம்.

— நிஜமாவா?

— நிஜமாதான். பயமா இருந்தா போக வேண்டாம்.

— அப்பாடா. நீ மகராசியா இருக்கணும். நெஞ்சுலேர்ந்து லாரியை எடுத்து வெச்ச மாதிரி இருக்கு. வா, ஆடுவோம். மணி என்ன?

— மூணே கால்.

— நாலு மணிக்குள்ள ஆமையைப் பன்னெண்டு ஆக்கிடுவோம். கிணத்துப் பக்கம் எலும்பு மனுசங்க இருப்பாங்க, அங்க ஓட்டறேன். நெருப்பைத் தயாரா வை.

— ம்.

— போடு! இப்ப போடு! எங்க பாத்துக்கிட்டிருக்கே? வில்லுக்காரிக்கு ரத்தம் போகுது, வைத்தியம், வைத்தியம். என்ன ஆச்சு உனக்கு? விரல் தப்பான இடத்துல விழுது.

— ஒண்ணும் இல்ல. பசி.

— அப்புறம் சாப்பிட்டுக்கலாம். இன்னொருத்தன் வர்றான், நெருப்பு! ஆங். அவ்வளவுதான். பாத்தியா? பாத்தியா அந்த வெளிச்சத்தை? பன்னெண்டு! தங்கச்சி, ஆமை பன்னெண்டு!

— பாத்தேன்.

— புள்ளியை எதுல போட? நாலுலயும் ஒண்ணொண்ணு. ரெண்டு வருஷம். கண்ணுல தண்ணி வருது எனக்கு.

— போட்டாச்சு. நாலும் பன்னெண்டு. கதவுகிட்ட நடத்துங்க.

— கொஞ்சம் இரு.

— பன்னெண்டு வந்தா போகலாம்னீங்க.

— வந்துச்சு, சரி. ஆனா மந்திரம் புதுசு. ஒரு தடவை வீசினா சக்தி எல்லாம் காலியாயிடும்னு போட்டிருக்கு பாரு. பதிமூணு ஆயிட்டா ரெண்டு தடவை வீசலாம். பதிமூணு ஆகட்டும்.

— பதிமூணு ஆக எத்தனை மாசம்?

— அஞ்சு, ஆறு. அவசரம் என்ன?

— அப்புறம் பதினாலு.

— பதினாலு ஆனா நல்லதுதானே.

— அண்ணே, நான் இப்ப சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்.

— எதை?

— போக வேண்டாம்னு சொன்னதை. தப்பாச் சொல்லிட்டேன். பேப்பரை எடுங்க.

— ஏய், என்ன விளையாட்டு? இப்பதானே சொன்னே? அரை மணி கூட ஆகல.

— சொன்னேன். நீங்க கெஞ்சினீங்க, எனக்கும் சொல்ல வாய் வந்துடுச்சு. சொல்லியிருக்கக் கூடாது. நீங்க ஆமைக்காக நிக்கல. எந்த லெவல் வந்தாலும் நிப்பீங்க.

— உனக்கென்ன, சுலபமாப் பேசிடலாம்! உன்னையா அறுக்கப் போறாங்க?

— இல்லண்ணே. என்னை இல்ல.

— அப்புறம்?

— எனக்கு இடது கைல போட்ட குழாய் அடைச்சுப்போய் வலது கைக்கு மாத்தினாங்க. அன்னிக்கே கத்தரிக்கோல் பிடிக்கிறது போச்சு. தையல் கடையை மூடினேன். அடுத்த குழாய் கழுத்துல போடுவாங்க. அது அடைச்சா என்னன்னு நான் டாக்டரைக் கேக்கல. கேக்காம இருக்கறது தைரியம் இல்ல. எனக்கும் பயம்தான். உங்களை விட அதிகம். ஆனா உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க.

— மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என்ன ஆகும், தங்கச்சி?

— தெரியாது.

— பொய்யாவது சொல்லேன்.

— மாட்டேன். தெரியாது. போங்க.

— பேனா?

— பேப்பர்லயே செருகியிருக்கு.

— பாரு, கோழி கிண்டின மாதிரி வருது.

— கோணலா இருந்தாலும் செல்லும். பின்னாலயும் ஒண்ணு.

— போட்டுட்டேன். ஐயோ, போட்டுட்டேன். சிஸ்டர்! சிஸ்டர், சீக்கிரம் வாங்க, நான் மனசு மாத்திக்கறதுக்குள்ள இதைப் பிடுங்கிட்டுப் போங்க!

— அட! போட்டுட்டீங்களா? ஊசியோட போகக் கூடாது சார், அதை எடுக்கணும். இந்தப் பஞ்சை அழுத்திப் பிடிங்க. வார்டு பாய் அண்ணா, தள்ளுவண்டி கொண்டாங்க!

— தள்ளுவண்டியா? நடந்து வரேனே.

— நடந்தா வாசல் பக்கம் போயிடுவீங்க.

— தங்கச்சி.

— சொல்லுங்கண்ணே.

— எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டா குறையும்னு நெனச்சேன். குறையல.

— குறைய வேண்டாம். அதோடயே போங்க.

— என் வீட்டுக்காரி வெளியில பெஞ்சுல இருப்பா. நான் பாத்ரூம் சமாச்சாரம் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதே.

— சொல்ல மாட்டேன்.

— அதிராம தள்ளுப்பா. எவன்டா உனக்கு லைசென்ஸ் கொடுத்தான்?

...

— போயிட்டாரா, சிஸ்டர்?

— லிஃப்ட்ல ஏத்திட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டிருக்காரு. மயக்க ஊசி போட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, இப்பவே எண்ணறாரு.

— எண்ணட்டும்.

— டாக்டர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு, அக்கா.

— சொல்லுங்க.

— டிரைவர் சார் கையெழுத்துப் போட்டுட்டதால, ரெண்டாவதாக் கூப்பிட்டு வெச்சிருந்த ஆளுக்கு இன்னிக்கு ஆபரேஷன் இல்லையாம். நீங்க இனிமே சாப்பிடலாம்.