ஸ்மராண்டாவுக்கு ஏற்ற மேஜை

வெளியூரில் கல்யாண நாளன்று சாப்பிட ஒரு நல்ல இடம் பிடிப்பது லேசான காரியமில்லை, இன்ஸ்பெக்டர். உங்களுக்கு சிபியு சொந்த ஊர். எந்தச் சந்தில் எந்தக் கடையில் சூப் நன்றாக இருக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வீர்கள். பிரைலாவிலிருந்து நாளெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்தவனுக்கு எல்லா வாசலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

என் வேலையைக் கேட்டீர்கள். துறைமுகத்தில் தானியத்தின் தரம் பார்ப்பவனாக இருந்தேன். ஒரு கைப்பிடி கோதுமையை முகர்ந்து பார்த்து, கப்பல் முழுவதையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் மட்டும் அந்த வேலையை என் மனைவி ஸ்மராண்டா எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கல்யாண விருந்துக்கு இடம் பார்த்தது நான். தன்யூப் கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. சூப் கெட்டுப்போயிருந்தது. விருந்தாளிகளில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளைத் தோழன் புதருக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒவ்வொரு கல்யாண நாளிலும், வந்தவர்கள் கையில் கிளாஸை எடுத்ததும் ஸ்மராண்டா ஆரம்பித்துவிடுவாள். "எங்க யுஸ்தின் இடம் பார்த்தா போதும், ஊரே ஓட ஆரம்பிச்சிடும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருடமாக, இன்ஸ்பெக்டர், அதே கதை, அதே சிரிப்பு. அந்தப் புதருக்கு அவள் புதிது புதிதாக முள் வேறு வைப்பாள்.

பூ கொடுத்தாலும் எண்ணிப் பார்ப்பாள். "ஒத்தப்படையாத்தானே வாங்கின? இரட்டைப்படை செத்தவங்களுக்குத்தான். அதை நீட்டி என்னை உயிரோட கல்லறையில படுக்க வச்சுடாதே." கோதுமை மூட்டைகளை ஆயிரக்கணக்கில் எண்ணியவனுக்குப் பூ எண்ணத் தெரியாது என்பது அவள் முடிவு. எனக்கு எரிச்சலாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அதனால்தான் இந்த வருடம் விருந்தாளிகளே வேண்டாம், நாம் இருவர் மட்டும் சிபியு போகலாம், சாப்பிடும் இடத்தை நான் பார்க்கிறேன் என்றேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நீயா? சரி, ஆம்புலன்ஸுக்கும் சேர்த்துச் சொல்லி வச்சிடு."

அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இதயமும் பலவீனம். டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். மாலையில் கிளம்புவதற்கு முன் இன்சுலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "மேஜை சொல்லி வச்சிட்டியா? போனதும் சாப்பாடு வந்துடுமா?" என்று கேட்டாள். ஊசி போட்டால் கையோடு சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். "எல்லாம் சொல்லியாச்சு. தெரு திரும்பினா கடை," என்றேன். போட்டுக்கொண்டாள்.

வழக்கமாக ஒரு பெரிய பழுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு திரிவாள். காபிக் கடைகளில் எடுத்த சர்க்கரைக் கட்டிகள் அதற்குள் எப்போதும் கிடக்கும். நான் அவளுக்கு மணி கோத்த சின்னப் பை ஒன்று பரிசாக வாங்கியிருந்தேன். கைக்குட்டையும் உதட்டுச் சாயமும் வைத்தாலே நிரம்பிவிடும் பை. "இன்னிக்கு இதை எடுத்துக்கோயேன். சாப்பிடத்தானே போறோம், சர்க்கரை எதுக்கு?" என்றேன். அவள் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவாயில்லையே, அழகா இருக்கே," என்றாள். நான் வாங்கியதை அவள் மெச்சியது அன்றுதான்.

தெரு திரும்பினால் இருந்த கடையில் மேஜைமேல் பிளாஸ்டிக் பூ. கல்யாண நாளுக்குப் பிளாஸ்டிக் பூவா? வெளியே வந்துவிட்டேன். மேஜை சொல்லி வைத்ததாகச் சொன்னாயே என்று கேட்டாள். வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றேன். அடுத்த கடையில் ஒருவன் காதுக்குள் வயலினை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். பெரிய சதுக்கத்தில் இருந்த கடையில் சாப்பாட்டை எல்லாம் படம் பிடித்து அட்டையில் ஒட்டியிருந்தார்கள். மாமலிகா சோளக்களி எப்படி இருக்கும் என்று எனக்குப் படம் காட்ட வேண்டுமா? அந்தக் கடைப் பையன் நல்லவன். "உள்ள வந்து உக்காருங்க மேடம், முதல்ல ரொட்டி கொண்டுவரேன்," என்றான். ஸ்மராண்டா உட்கார்ந்தே விட்டாள். நான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"யுஸ்தின், எங்கேயாவது உக்காரலாம். எனக்குக் கை நடுங்குது."

"கல்யாண நாளும் அதுவுமா எங்கேயாவது சாப்பிடலாமா? அப்புறம் வருஷம் பூரா சொல்லிக் காட்டுவே."

"சத்தியமா சொல்ல மாட்டேன். ஒரு துண்டு ரொட்டி வாங்கிக் கொடு."

"ரொட்டியைத் தின்னு வயித்தை நிரப்பிக்காதே. இதோ, பக்கத்துலதான்."

நியாயமாகத்தானே சொன்னேன்? தரம் பார்ப்பவன் முதல் மூட்டையிலேயே சரி என்று தலையாட்டிவிட முடியாது. இன்னும் நாலு வாசல் ஏறி இறங்கினோம். எதுவுமே சரிப்படவில்லை. ஒரு கடையில் பாலாடைக்கட்டி வைத்த பப்பனாஷ் பணியாரம் பொரிக்கும் வாசனை வந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவள் பேச்சு குழறியிருந்தது. என்னை அவள் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வேர்வையில் அவள் உடை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்த ஊரில் நல்ல உணவகமே இல்லையே என்று எனக்கு அழுகை வராத குறை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் மிகவும் வெறுத்துப்போயிருந்தேன்.

கடைசியில் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். வெயில் இன்னும் கூரைகளில் இருந்தது. குழந்தைகள் புறாக்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி நின்று, "மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"கல்யாண நாள். கொஞ்சம் ஒயின் கூடிப்போச்சு."

"கொடுத்து வச்சவங்க," என்று சிரித்துக்கொண்டே போனார்.

என் கோட்டை அவள்மேல் போர்த்தினேன். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. நாங்கள் அப்படி உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. பிறகு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது சதுக்கத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். அந்தப் பெஞ்சைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

இதில் திட்டம் ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர். ஒரு நல்ல மேஜை கிடைத்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள். கோபத்தில், அலைச்சலில், ஒன்றின்மேல் ஒன்றாக நடந்துவிட்டது. என் தேர்வு ஒன்றாவது அவளுக்குப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பூவா? ஆமாம், விடுதி அறையில் இருக்கும் ரோஜாக்கள் நான் வாங்கியவைதான். அவள் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்திருந்தேன். பூக்கடைப் பெண்ணை நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்கள் என்றால் நான் என்ன மறைப்பது? அந்தப் பெண் வழக்கம்போலப் பதினொன்று கட்டி வைத்தாள். நான் இன்னும் ஒன்று வைக்கச் சொன்னேன். "பன்னிரண்டா? கல்லறைக்குங்களா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் துக்கத்துக்காக வருத்தப்பட்டு, கறுப்பு ரிப்பன் காசு வாங்காமலே கட்டிக் கொடுத்தாள். அப்போது காலை நேரம். ஸ்மராண்டா விடுதியில் தலை வாரிக்கொண்டு, சாயங்காலம் எந்த உடை உடுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.